ஜார்ஜ் எஃப். கெனன்: தூதரகத்திலிருந்து வரலாற்று ஆய்வுக்கு வந்தவரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனிப்போரைப் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் சில பக்கங்களிலேயே ஜார்ஜ் கெனனின் பெயர் வந்துவிடும். ஒரு தந்தியும் ஒரு கட்டுரையும் எழுதியவர் என்ற அளவில் அவரை அறிமுகப்படுத்திவிட்டு, பெரும்பாலான புத்தகங்கள் அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றன. அவற்றை எழுதியபோது அவருக்கு வயது 42, 43. அதன் பிறகு அவர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த அறுபது ஆண்டுகளின் பெரும்பகுதியை, தாம் எழுதியதை உலகம் படித்த விதத்தோடு வாதாடுவதிலேயே செலவிட்டார். அவரைப் பற்றிப் பொதுவாக எழும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

கெனன் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஜார்ஜ் ஃப்ராஸ்ட் கெனன் 1904 பிப்ரவரி 16 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள மில்வாக்கியில் பிறந்தார். 1926இல் அமெரிக்க வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். ரஷ்ய மொழியிலும் ரஷ்ய விவகாரங்களிலும் தேர்ந்த அதிகாரியாக வளர்ந்து, சோவியத் ஒன்றியத்திலும் யூகோஸ்லாவியாவிலும் தூதராக இருந்தார். 1950களிலிருந்து பிரின்ஸ்டனிலுள்ள உயர் ஆய்வுக் கழகத்தில் வரலாற்று ஆய்வாளராகவும் பேராசிரியராகவும் பணியாற்றினார். வரலாற்று நூலுக்கு ஒன்றும் தன்வரலாற்று நூலுக்கு ஒன்றுமாக இரண்டு புலிட்சர் பரிசுகள் பெற்றார். 2005 மார்ச் 17 அன்று, தமது 101ஆம் வயதில், பிரின்ஸ்டனில் காலமானார்.

அவருடைய இளமைக்காலம் எப்படிப்பட்டது?

அவர் பிறந்து இரண்டு மாதங்களுக்குள் தாய் இறந்துவிட்டார். தந்தை வரிச் சட்ட வழக்கறிஞர். வயதானவர், அதிகம் பேசாதவர். தாயில்லாப் பிள்ளையாக வளர்ந்த தனிமை தம்மை விட்டு எப்போதும் நீங்கவில்லை என்ற உணர்வு கெனனின் பிற்காலக் குறிப்புகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. இராணுவப் பள்ளி ஒன்றில் படித்துவிட்டுப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கிழக்குக் கரையோரத்துச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கிடையே மத்திய மேற்கு மாநிலத்திலிருந்து வந்த கூச்ச சுபாவமுள்ள மாணவராக, பெரிதாக யார் கண்ணிலும் படாமல், 1925இல் இளங்கலைப் பட்டம் பெற்று வெளியேறினார். அவர் முறையாகப் படித்துப் பெற்ற பட்டம் அந்த ஒன்றுதான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் அது தேவைப்படும்.

ரஷ்யாவை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார்?

ஜெனீவாவிலும் ஹாம்பர்கிலும் கீழ்நிலைப் பதவிகளில் இருந்தபோதே அவருக்கு மேற்படிப்பு ஆசை வந்து, பணியை விட்டுவிடுவது என்ற முடிவுக்கு ஏறக்குறைய வந்துவிட்டார். அப்போது வெளியுறவுத் துறை இளம் அதிகாரிகளை அரசுச் செலவில் அரிய மொழிகளைப் படிக்க அனுப்பும் திட்டமொன்றை வைத்திருந்தது. பணியிலிருந்தபடியே படிக்கலாம் என்ற அந்த வாய்ப்பு அவரைத் தடுத்து நிறுத்தியது. சீனம், அரபு முதலியவற்றை விட்டு அவர் ரஷ்ய மொழியை எடுத்துக்கொண்டதற்குக் குடும்பக் காரணமும் உண்டு. அதைப் பெயர்க் குழப்பம் பற்றிய கேள்வியில் காணலாம்.

அந்நாளில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் தூதரக உறவே கிடையாது. ஆகவே ரஷ்யாவுக்கு வெளியே, பெர்லினிலும் பால்டிக் நாடுகளின் தலைநகரங்களான தாலினிலும் ரீகாவிலும் இருந்துகொண்டு ரஷ்யாவைப் படித்தார். சோவியத் செய்தித்தாள்களை வரி வரியாகப் படித்து, சொல்லப்பட்டதிலிருந்து சொல்லப்படாததை ஊகிக்கும் பழக்கம் அங்கேதான் அவருக்கு வந்தது. 1931இல் நார்வே நாட்டுப் பெண்ணான அனெலீஸ் சோரன்சனை மணந்தார். அந்த மண வாழ்க்கை எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

1933 நவம்பரில் அமெரிக்கா சோவியத் அரசை அங்கீகரித்தது. முதல் தூதர் வில்லியம் புல்லிட்டுடன் மாஸ்கோ சென்று, தூதரகத்தை முதன்முதலில் அமைத்தவர்களில் கெனனும் ஒருவர். ஸ்டாலினின் களையெடுப்பு விசாரணைகள் நடந்தபோது, அடுத்த தூதரான ஜோசப் டேவிஸுக்கு அருகில் அமர்ந்து நீதிமன்றத்தில் நடப்பதை மொழிபெயர்த்துச் சொன்னார். விசாரணை நேர்மையாகவே நடக்கிறது என்று தூதர் நம்பினார். மொழிபெயர்த்தவர் அதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது எங்கே இருந்தார்?

ஏறக்குறைய எல்லா ஆபத்தான இடங்களிலும் இருந்தார் என்றே சொல்லலாம். செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் உடன்படிக்கை ஏற்பட்ட 1938 செப்டம்பர் இறுதியில், அந்நாட்டுத் தலைநகரான ப்ராக் நகரில் போய் இறங்கினார். 1939 மார்ச்சில் ஜெர்மானியப் படைகள் அந்நகருக்குள் நுழைவதைக் கண்டார். பிறகு பெர்லின். 1941 டிசம்பரில் ஜெர்மனி அமெரிக்கா மீது போர் அறிவித்ததும், சுமார் 130 அமெரிக்கர்களுடன் பாட் நௌஹைம் என்ற ஊரின் ஓட்டல் ஒன்றில் ஐந்து மாதங்கள் காவலில் வைக்கப்பட்டார்.

அடுத்து லிஸ்பன். அங்கே நடந்த நிகழ்ச்சி ஒன்று அவருடைய குணத்தைக் காட்டுகிறது. அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள அசோர்ஸ் தீவுகளில் தளவசதிகள் பெறுவதற்காக, போர்த்துகீசியத் தலைவர் சலாசாரிடம் மிகப் பெரிய பட்டியலொன்றை வைக்கும்படி வாஷிங்டன் அவருக்கு ஆணையிட்டது. அப்படிக் கேட்டால் எதுவுமே கிடைக்காது என்று கருதிய கெனன், ஆணையை நிறைவேற்ற மறுத்தார். வாஷிங்டனுக்கு அழைக்கப்பட்டு அதிகாரிகளால் கண்டிக்கப்பட்ட அவர், எப்படியோ குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டையே நேரில் பார்த்து, சலாசாருக்கு அவரிடமிருந்து ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டு திரும்பினார். சிக்கல் தீர்ந்தது. ஓர் இடைநிலை அதிகாரி இப்படிச் செய்து தப்பித்தது அதிருஷ்டம். ஆனால் மேலிடம் சொல்வது தவறு என்று பட்டால் மேலிடத்துக்கே பாடம் சொல்லும் வழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. எல்லா முறையும் அதிருஷ்டம் துணை நிற்கவும் இல்லை.

‘நீண்ட தந்தி’ என்பது என்ன? அதற்கு ஏன் இவ்வளவு புகழ்?

1944 கோடையில் மாஸ்கோவுக்குத் திரும்பிய கெனன், தூதர் ஹாரிமனின் கீழ் இரண்டாம் நிலை அதிகாரியாக இருந்தார். போரில் தோழமை நாடாக இருந்த சோவியத் அரசு போருக்குப் பின்னும் தோழமையோடு இருக்கும் என்ற நம்பிக்கை வாஷிங்டனில் நிலவியது. அப்படி இராது என்று அவர் அறிக்கை மேல் அறிக்கையாக எழுதினார், பதில் வரவில்லை.

1946 பிப்ரவரியில் நிலைமை மாறியது. ஹாரிமன் விடைபெற்றுச் சென்றிருந்தார். பொறுப்பு கெனனிடம் இருந்தது. உலக வங்கியிலும் சர்வதேச நிதியத்திலும் சேர சோவியத் அரசு ஏன் தயங்குகிறது என்று வாஷிங்டன் அப்பாவித்தனமாக ஒரு கேள்வி கேட்டது. ஸ்டாலின் பிப்ரவரி 9 அன்று ஆற்றிய தேர்தல் உரையும் அங்கே கவலையை எழுப்பியிருந்தது. சளியும் காய்ச்சலும் பல்வலியுமாகப் படுக்கையில் கிடந்த கெனன், கேட்டதற்கு மட்டும் விடை சொல்லாமல், கேட்டிருக்க வேண்டியதற்கெல்லாம் சேர்த்து விடை சொல்வது என்று முடிவு செய்தார். செயலாளரை அழைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்து, பிப்ரவரி 22 அன்று அனுப்பிய தந்திதான் அது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தேவாலயப் பிரசங்கத்தைப் போல அதை ஐந்து பகுதிகளாகப் பிரித்ததாகப் பின்னாளில் அவரே தம்மைக் கேலி செய்துகொண்டார். அதன் நீளம் எட்டாயிரம் சொற்கள் என்று அவர் தமது நினைவுக் குறிப்பில் எழுதினார். எண்ணிப் பார்த்தவர்களுக்கு ஐயாயிரத்துச் சொச்சம்தான் கிடைத்தது. வரலாற்றாசிரியர்களுக்கும் தம் சொந்த வரலாற்றில் கை தாராளம்தான்.

சோவியத் தலைமையின் வெளியுலகப் பகைமைக்கு வெளிநாடுகளின் நடத்தை காரணமன்று. பழைய ரஷ்ய அச்சமும், உள்நாட்டுக் கொடுங்கோன்மைக்கு நியாயம் கற்பிக்க வெளியே ஒரு பகைவன் தேவைப்படும் நிலையும்தான் காரணம் என்பது தந்தியின் மையக் கருத்து. ஆகவே விட்டுக்கொடுத்து அவர்கள் மனத்தை மாற்ற முடியாது. அதே நேரத்தில் அவர்கள் ஹிட்லரைப் போல் தேதி குறித்துப் போருக்குக் கிளம்புகிறவர்களும் அல்லர்; உறுதியான எதிர்ப்பைக் கண்டால் பின்வாங்கக்கூடியவர்கள். எனவே போர் தேவையில்லை, பொறுமையும் உறுதியும் போதும், முதலில் நம் சமூகத்தை நாம் சீராக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதாக அது முடிந்தது.

இவற்றில் பலவற்றை அவர் முன்பே எழுதியிருந்தார். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் கோப்பில் தூங்கியிருக்கும். ஆறு மாதம் பின்னால் வந்திருந்தால் எல்லோருக்கும் தெரிந்ததைச் சொன்னதாக இருந்திருக்கும். கடற்படை அமைச்சர் ஜேம்ஸ் ஃபாரஸ்டல் அதைப் படியெடுத்து அதிகாரிகள் பலருக்கும் கொடுத்தார். கெனன் வாஷிங்டனுக்கு அழைக்கப்பட்டார்.

‘எக்ஸ்’ என்ற புனைபெயரில் எழுதியது ஏன்?

பதவியிலிருக்கும் அதிகாரி தம் பெயரில் கருத்துரைப்பது அரசின் கருத்தாகவே கொள்ளப்படும் என்பதால்தான். ஃபாரஸ்டலுக்காகத் தனிப்பட்ட முறையில் எழுதிய கட்டுரையொன்று 1947 ஜூலையில் ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ இதழில் ‘சோவியத் நடத்தையின் ஊற்றுகள்’ என்னும் பொருள்படும் தலைப்புடன், எழுதியவர் பெயருக்குப் பதிலாக எக்ஸ் என்ற எழுத்துடன் வெளிவந்தது. சில நாள்களிலேயே பத்திரிகையாளர் ஒருவர் எழுதியவரைக் கண்டுபிடித்துவிட்டார். அப்போது கெனன் வெளியுறவுத் துறையின் புதிய கொள்கைத் திட்டக் குழுவுக்குத் தலைவர். ஆகவே, மறைக்க நினைத்தது இரட்டிப்பாக வெளிப்பட்டது. கட்டுரை அமெரிக்க அரசின் பிரகடனமாகவே படிக்கப்பட்டது.

‘கன்டெயின்மென்ட்’ கொள்கை என்றால் அவர் எதைக் குறிப்பிட்டார்?

இதுதான் அவருடைய வாழ்நாள் தலைவலி. ‘கட்டுக்குள் நிறுத்துதல்’ என்று நாம் மொழிபெயர்க்கும் அந்தச் சொல், சோவியத் விரிவாக்க முனைப்பை நீண்ட காலத்துக்குப் பொறுமையுடனும் விழிப்புடனும் தடுத்துநிறுத்த வேண்டும் என்ற பொருளில் கட்டுரையில் வந்தது. மாறிக்கொண்டேயிருக்கும் இடங்களில் எதிர்விசையைச் செலுத்த வேண்டும் என்றும் அதில் இருந்தது. அப்படித் தடுத்து நிறுத்தினால், அந்த ஆட்சி தன்னுள் சுமக்கும் முரண்பாடுகளால் உள்ளிருந்தே இளகிவிடும் அல்லது இற்றுவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

எதிர்விசை என்றால் என்ன விசை என்று அவர் சொல்லவில்லை. அரசியல், பொருளாதார வலிமையையே தாம் மனத்தில் கொண்டிருந்ததாகப் பின்னாளில் விளக்கினார். உலகில் தொழில்வலிமையும் அதனால் போர்வலிமையும் குவிந்திருக்கும் மையங்கள் ஐந்துதான்: அமெரிக்கா, பிரிட்டன், ரைன் பள்ளத்தாக்கு, ஜப்பான், சோவியத் ஒன்றியம். ஐந்தாவது மட்டும் பகைவர் கையில் இருக்கிறது. மற்ற நான்கும் அப்படிப் போய்விடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது அவர் கணக்கு. ஆனால் இந்தக் கணக்கு கட்டுரையில் இல்லை. படித்தவர்களுக்குக் கிடைத்தது, உலகின் எந்த மூலையிலும் படைகளைக் கொண்டு தடுக்க வேண்டும் என்ற பொருள்தான்.

பத்தி எழுத்தாளர் வால்டர் லிப்மன் உடனே இதைப் பிடித்துக்கொண்டார். எல்லா இடங்களிலும் காவல் நிற்பது அமெரிக்காவால் ஆகாத காரியம் என்று தொடர்ந்து எழுதி, அந்தப் பத்திகளைப் ‘பனிப்போர்’ என்ற தலைப்பில் நூலாகவும் வெளியிட்டார். அந்தச் சொல் மக்கள் நாவில் ஏறியதற்கு அந்நூலும் ஒரு காரணம். வேடிக்கை என்னவென்றால், லிப்மன் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றோடு கெனனுக்கு உடன்பாடே. 1948இல் குடற்புண்ணுக்காக மருத்துவமனையில் படுத்திருந்தபோது லிப்மனுக்கு நீண்ட விளக்கக் கடிதம் எழுதினார், ஆனால் அனுப்பவில்லை.

என் கருத்தில், குறை படித்தவர்களுடையது மட்டுமன்று. உருவகத்திலும் ஓசையிலும் மனம் தோய்ந்து எழுதுகிறவர் கெனன். வாக்கியம் அழகாக அமைந்தால், அதற்கு வரம்பு கட்டும் ‘ஆனால்’களைச் சேர்த்து அதைக் கெடுக்க அவருக்கு மனம் வருவதில்லை. கொள்கை ஆவணத்துக்கு அது ஆபத்தான குணம். அவரை உயரத்துக்குக் கொண்டுபோன எழுத்துத்திறனே, அவர் சொல் அவர் கையை விட்டுப் போகவும் வழிசெய்தது.

வாஷிங்டனில் பதவியிலிருந்த ஆண்டுகளில் உண்மையில் என்ன செய்தார்?

1947 மே முதல் 1949 இறுதி வரை கொள்கைத் திட்டக் குழுவின் தலைவராக இருந்தார். வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் அவருக்குக் கொடுத்த புகழ்பெற்ற அறிவுரை, அற்பமானவற்றில் இறங்காதே என்பது மட்டும்தான். ஐரோப்பாவின் மீட்சிக்கான மார்ஷல் திட்டத்தின் தொடக்க வடிவத்தில் கெனன் குழுவின் பங்கு பெரிது. ஐரோப்பியர்களே சேர்ந்து திட்டமிட வேண்டும், சோவியத் தரப்புக்கும் வெளிப்படையாகக் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று அக்குழு வலியுறுத்தியது. 1948இல் ஜப்பான் சென்று, போருக்குப் பின் அங்கே ஆக்கிரமிப்பு நிர்வாகத்தை நடத்திவந்த அமெரிக்க ஜெனரல் மெக்கார்தரைச் சந்தித்து, தண்டனை நோக்கில் சென்றுகொண்டிருந்த ஆக்கிரமிப்புக் கொள்கையைப் பொருளாதார மீட்சியின் பக்கம் திருப்ப உதவினார்.

இன்னொரு பக்கமும் உண்டு. அவரை அமைதிவாதியாக மட்டும் கொண்டாடுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். வெளிநாடுகளில் இரகசிய நடவடிக்கைகளுக்கென அரசு ஓர் அமைப்பை உருவாக்க வேண்டும் என்று 1948இல் வாதாடி, அதற்கு வழிவகுத்தவர்களில் முதன்மையானவர் அவர். அரிதாகப் பயன்படும் கருவி என்று அவர் நினைத்தது, சில ஆண்டுகளில் பெரும் இயந்திரமாக வளர்ந்தது. தாம் செய்த மிகப் பெரிய பிழை அது என்று 1975இல் செனட் விசாரணைக் குழுவிடம் ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் ஏன் விலகினார்?

நேட்டோ உடன்படிக்கை ஐரோப்பாவின் பிளவை நிரந்தரமாக்கிவிடும் என்று எதிர்த்தார். ஜெர்மனியைப் பிரித்தே வைப்பதை எதிர்த்தார். ஹைட்ரஜன் குண்டைத் தயாரிக்கும் முடிவுக்கு எதிராக 1950 தொடக்கத்தில் நீண்ட குறிப்பாணை ஒன்று எழுதினார். மூன்றிலும் அவர் சொல் எடுபடவில்லை. மார்ஷலுக்குப் பின் அமைச்சரான டீன் அச்சிசனுக்கு அவருடைய அறிவின் மீது மரியாதை உண்டு. ஆனால் அவர் யோசனையைக் கொண்டு நிர்வாகம் நடத்த முடியாது என்ற எண்ணமும் உண்டு. கெனனுக்குப் பின் திட்டக் குழுத் தலைவரான பால் நிட்சே, பெருமளவு இராணுவச் செலவைக் கோரும் ‘என்எஸ்சி 68’ என்ற ஆவணத்தைத் தயாரித்தார். கட்டுக்குள் நிறுத்துதல் என்ற சொல் அங்கேயும் இருந்தது. பொருள்தான் வேறாகிவிட்டது.

சோவியத் அரசு அவரை வெளியேற்றியது உண்மையா?

உண்மை. 1952 மே மாதம் தூதராக மாஸ்கோ போனார். ஸ்டாலினின் இறுதி ஆண்டு அது. எங்கு சென்றாலும் காவலர்கள் பின்தொடர்ந்தார்கள். சாதாரண ரஷ்யர் எவரும் அவரோடு பேசத் துணியவில்லை. ரஷ்ய மொழியை உயிராக நேசித்தவருக்கு அது தாங்க முடியாததாக இருந்தது. தூதர் இல்லத்துச் சுவரில் மாட்டியிருந்த, மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரைக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது அந்தச் செப்டம்பரில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. கருவியை இயங்கவைத்து இடத்தைத் தேடுவதற்காக, கெனன் அறையில் அமர்ந்து பழைய அறிக்கையொன்றை உரக்கச் சொல்லி எழுதவைப்பதுபோல் நடிக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 19 அன்று பெர்லின் விமான நிலையத்தில் இறங்கியபோது, மாஸ்கோ வாழ்க்கை எப்படி என்று செய்தியாளர் ஒருவர் கேட்டார். போர்க்காலத்தில் ஜெர்மனியில் காவலில் இருந்ததைப் போலத்தான் என்று பொருள்பட விடையளித்துவிட்டார். அக்டோபர் 3 அன்று சோவியத் அரசு அவரை ‘விரும்பத்தகாதவர்’ என்று அறிவித்தது. மொத்தத் தூதர் வாழ்வு ஐந்து மாதங்களுக்கும் குறைவு. இருபது ஆண்டுகளுக்கு மேல் பயிற்சி பெற்ற தூதரக அதிகாரி, விமான நிலையத்துக் கேள்வியொன்றில் வழுக்கி விழுந்தார். 1953இல் பொறுப்பேற்ற வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் அவருக்கு வேறு பணி எதையும் தரவில்லை. அவர் ஓய்வு பெற்றார். வயது 49.

முனைவர் பட்டம் இல்லாமல் பேராசிரியர் ஆனது எப்படி?

பிரின்ஸ்டனிலுள்ள உயர் ஆய்வுக் கழகம் பல்கலைக்கழகம் அன்று. அங்கே வகுப்புகள் இல்லை, தேர்வுகள் இல்லை, பட்டம் வழங்குவதும் இல்லை. ஆய்வு செய்வோருக்கு இடமும் நேரமும் தருவதே அதன் வேலை. ஐன்ஸ்டைன் இருந்த இடம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வரும். அணுகுண்டு ஆய்வுக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் ஓப்பன்ஹைமர் அப்போது அதன் இயக்குநர். 1950இல் அரசிடம் விடுப்பு பெற்றுக்கொண்டு கெனன் அங்கு போனது அவருடைய அழைப்பின் பேரில்தான். 1950களின் நடுவில் நிரந்தரப் பேராசிரியரானார்.

அதற்கு முன்பே 1951இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சில சொற்பொழிவுகள் ஆற்றியிருந்தார். 1900 முதல் 1950 வரையிலான அமெரிக்க வெளியுறவைப் பற்றிய அந்தச் சிறு நூல் இன்றும் மாணவர்களால் படிக்கப்படுகிறது. உலகச் சிக்கல்களைச் சட்டமாகவும் ஒழுக்கமாகவும் மட்டுமே பார்க்கும் அமெரிக்கப் பழக்கத்தை அதில் கடுமையாகச் சாடினார். குண்டூசித் தலையளவு மூளையும் அறையளவு உடலும் கொண்ட தொல்காலப் பெருவிலங்கு, வாலை வெட்டினால்தான் விழித்துக்கொள்ளும், விழித்தபின் கண்மண் தெரியாமல் அடிக்கும் என்று சொல்லி, மக்களாட்சி நாடுகள் போருக்குப் போகும் விதத்தை அதனோடு ஒப்பிட்டது அந்நூலில்தான்.

வரலாற்று ஆய்வாளராக அவர் தரம் என்ன?

அரசுப் பதவி வகித்தவர்கள் ஓய்வுபெற்றபின் எழுதும் நூல்கள் பெரும்பாலும் தற்காப்பு வாதங்கள். கெனன் அதிலிருந்து தொடங்கவில்லை. தமக்கு நேரடித் தொடர்பே இல்லாத 1917, 1918ஆம் ஆண்டுகளை எடுத்துக்கொண்டு ஆவணக் காப்பகங்களில் அமர்ந்தார். ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய மாதங்களில் அமெரிக்க–சோவியத் உறவு எப்படித் தொடங்கியது என்பதை இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதினார். 1956இல் வந்த முதல் தொகுதியான ‘ரஷ்யா லீவ்ஸ் த வார்’ மறு ஆண்டே புலிட்சர் பரிசு, தேசிய நூல் விருது, பேன்கிராஃப்ட் பரிசு ஆகிய மூன்றையும் பெற்றது. தூதரகத்தில் தந்தி எப்படித் தாமதமாகிறது, இருவர் ஒரே செய்தியை எப்படி வேறுவேறாக அனுப்புகிறார்கள், தலைநகரில் அதை யார் படிக்காமல் விடுகிறார்கள் என்பதையெல்லாம் உள்ளே இருந்து பார்த்தவரின் கண் அந்நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

துப்பறியும் வேலையிலும் அவர் சளைத்தவரல்லர். லெனினும் ட்ராட்ஸ்கியும் ஜெர்மனியின் கூலியாள்கள் என்று காட்டும் ‘சிஸ்ஸன் ஆவணங்கள்’ எனப்பட்ட கட்டு ஒன்றை அமெரிக்க அரசு 1918இல் அதிகாரபூர்வமாக வெளியிட்டிருந்தது. 1956இல் கெனன் அவற்றை ஆராய்ந்து, வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து வந்தனவாகச் சொல்லப்பட்ட தாள்கள் ஒரே தட்டச்சுப் பொறிகளில் அடிக்கப்பட்டிருப்பதையும் வேறு பல முரண்களையும் காட்டி, அவை போலி என்று நிறுவினார். கம்யூனிச எதிர்ப்பு உச்சத்திலிருந்த ஆண்டுகளில், லெனினுக்கு எதிரான ஓர் ஆவணத்தைப் போலி என்று சொல்ல ஆய்வு நேர்மை வேண்டும்.

பின்னர் ஜெர்மானியத் தலைவர் பிஸ்மார்க்கின் ஐரோப்பிய ஒழுங்கு சிதைந்த வரலாற்றையும், 1894இன் பிரெஞ்சு–ரஷ்ய உடன்படிக்கையையும் பற்றித் தனித்தனி நூல்கள் எழுதினார். முதல் உலகப் போருக்கு இட்டுச்சென்ற பாதை அது. யாருமே விரும்பாத பேரழிவை நோக்கி அறிவுள்ளவர்கள் எப்படி ஒவ்வோர் அடியாக நடந்தார்கள் என்பதே அவருடைய கேள்வி. அணுகுண்டு யுகத்தை மனத்தில் வைத்தே அதைக் கேட்டார்.

கல்விப் பணிக்கு வந்தபின் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கிவிட்டாரா?

ஒதுங்க நினைத்தார், முடியவில்லை. 1957இல் ஆக்ஸ்ஃபோர்டில் வருகைப் பேராசிரியராக இருந்தபோது பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளை ஆற்றினார். இரு தரப்பும் ஜெர்மனியிலிருந்து படைகளை விலக்கிக்கொள்ளலாம் என்ற அவருடைய யோசனை ஐரோப்பா முழுவதும் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அச்சிசன் பகிரங்கமாகவே கண்டித்தார். கென்னடியின் அழைப்பை ஏற்று 1961 முதல் 1963 வரை யூகோஸ்லாவியாவில் தூதராக இருந்தார். அந்நாட்டுக்குரிய வணிகச் சலுகையைப் பறிக்க அமெரிக்க நாடாளுமன்றம் முனைந்தபோது, தம் பேச்சுக்கு மதிப்பில்லை என்று கண்டு விலகினார்.

1966 பிப்ரவரி 10 அன்று செனட்டர் ஃபுல்பிரைட் தலைமையிலான குழுவின் முன் வியட்நாம் போரைப் பற்றிச் சாட்சியமளித்தார். கட்டுக்குள் நிறுத்தும் கொள்கையின் பெயரால் நடத்தப்பட்ட அந்தப் போர் தேவையற்றது என்று, அக்கொள்கைக்குப் பெயர் தந்தவரே சொன்னது நாட்டின் கவனத்தை ஈர்த்தது. சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் அதை நேரலையாகக் காட்டாமல் பழைய நகைச்சுவைத் தொடர் ஒன்றை மறுஒளிபரப்புச் செய்ய, அதன் செய்திப் பிரிவுத் தலைவர் பதவி விலகினார்.

1981இல் இரு வல்லரசுகளும் தம் அணு ஆயுதங்களை உடனடியாகப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றார். 1997இல், 92 வயதில், நேட்டோவைக் கிழக்கு நோக்கி விரிப்பது பனிப்போருக்குப் பிந்தைய காலத்தின் மிகப் பெரிய தவறாக முடியும் என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் எழுதினார். உக்ரைன் போர் தொடங்கியபின் அந்தக் கட்டுரை மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்படுகிறது. 2002இல், 98 வயதில், இராக் போருக்கான ஏற்பாடுகளை எதிர்த்துப் பேசினார்.

அவருடைய கணிப்புகள் எல்லாம் பலித்தனவா?

இல்லை. சோவியத் ஆட்சி உள்ளிருந்தே தளரும் என்ற மையக் கணிப்பு பலித்தது. ஆனால் அவர் குறிப்பிட்ட பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அன்று, 44 ஆண்டுகளில். நேட்டோவும் ஜெர்மனியின் பிரிவினையும் மேற்கு ஐரோப்பாவுக்கு நீண்ட அமைதியையும் தந்தன என்பதை அவர் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆசிய, ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளைப் பற்றிய அவர் மதிப்பீடுகள் பெரும்பாலும் மேலோட்டமானவை. அந்த மக்களைத் தனி அரசியல் விருப்பங்கள் கொண்டவர்களாக அவர் பார்க்கவே இல்லை.

அவரைப் பற்றிய கடுமையான விமர்சனம் எது?

அவரது நாட்குறிப்புகளிலேயே அது இருக்கிறது. சிறுவனாகத் தொடங்கி, ஏறத்தாழ 88 ஆண்டுக் காலம் எழுதிய குறிப்புகளிலிருந்து ஒரு தொகுப்பு 2014இல் வெளிவந்தது. பதிப்பித்தவர் ஃபிராங்க் காஸ்டிலியோலா. இயற்கை, கடற்பயணம், முதுமை பற்றிய அருமையான பக்கங்களுக்கிடையே, கறுப்பின மக்களையும் குடியேறிகளையும் பற்றிய இழிவான கருத்துகள் அவற்றில் உள்ளன. 1938இல் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட கட்டுரையொன்றில், பெண்களுக்கும் கறுப்பர்களுக்கும் குடியேறிகளுக்கும் வாக்குரிமையே கூடாது, தேர்ந்த சிறு குழுவே நாட்டை ஆள வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார். அக்கால வழக்கம் என்று சொல்லித் தப்பிக்க இடமில்லை. இந்த மனப்போக்கின் சாயல் முதுமை வரை தொடர்கிறது. மக்களாட்சியின் வெளியுறவுக் கொள்கையைப் பற்றி அவர் சொன்ன கூர்மையான உண்மைகளும் மக்கள் மீதான இந்த அவநம்பிக்கையும் ஒரே மனத்தில் விளைந்தவை என்பதை மறந்துவிட்டு அவரைப் படிக்கக் கூடாது.

ஜார்ஜ் கெனன் என்ற பெயரில் இருவர் இருந்தார்களா?

ஆம். மூத்தவர் இவருடைய தாத்தாவின் ஒன்றுவிட்ட சகோதரர், 1845இல் பிறந்தவர். ஜார் ஆட்சியில் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்களின் அவலத்தை நேரில் கண்டு எழுதிப் புகழ்பெற்றவர். இளையவர் ரஷ்ய மொழியை எடுத்துக்கொண்டதற்கான குடும்பக் காரணம் இவர்தான். இருவரும் பிறந்தது பிப்ரவரி 16 அன்று. இருவரையும் வெவ்வேறு காலத்தில் ரஷ்ய அரசு வெளியேற்றியது. 1974இல் வாஷிங்டனில் வில்சன் மையத்தில் இளையவர் முன்னின்று தொடங்கிய ரஷ்ய ஆய்வு நிறுவனத்துக்குக் கெனன் பெயர் இடப்பட்டது அந்த மூத்தவரின் நினைவாகத்தான்.

ஸ்டாலினின் மகளுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

1967இல் புது டெல்லியிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் அடைக்கலம் கேட்ட ஸ்வெட்லானா அலிலுயேவாவை, சுவிட்சர்லாந்துக்கு அவர் கொண்டுசெல்லப்பட்டபின் கெனன் சென்று சந்தித்தார். ஸ்வெட்லானா எழுதி வைத்திருந்த நூல் வெளிவரவும் ஸ்வெட்லானா அமெரிக்கா வரவும் கெனன் உதவினார். அந்தக் கோடையில் ஸ்வெட்லானா தங்கியது பென்சில்வேனியாவில் இருந்த கெனனின் பண்ணை வீட்டில். பண்ணைக்கு அருகிலுள்ள சிற்றூரின் பெயர், ஏதோ கதையில் வருவதுபோல, கிழக்கு பெர்லின்.

முழுமையான வாழ்க்கை வரலாறு ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது?

வரலாற்றாசிரியர் ஜான் லூயிஸ் காடிஸுக்கு 1980களின் தொடக்கத்தில் கெனன் தமது தாள்களையெல்லாம் திறந்துவிட்டார். தம் மறைவுக்குப் பின்பே வெளியிட வேண்டும் என்பது ஏற்பாடு. அப்போதே கெனன் எழுபதுகளின் இறுதியில் இருந்தார். நூறைத் தாண்டுவார் என்று இருவருமே எதிர்பார்க்கவில்லை. நூல் 2011இல் வந்து, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது.

கெனனை முதன்முதலாகப் படிப்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

எக்ஸ் கட்டுரையிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். அது ஏற்கெனவே பலர் மேற்கோள் காட்டித் தேய்ந்துபோனது. 1967இல் வெளிவந்த நினைவுக் குறிப்புகளின் முதல் தொகுதியைக் கையிலெடுக்கலாம். அவருக்கு இரண்டாவது புலிட்சர் பரிசைப் பெற்றுத் தந்த நூல் அது. எக்ஸ் கட்டுரையில் தாம் எங்கே தவறினார் என்பதை அவரே வரிசையாகச் சொல்லும் இயல் ஒன்றும் அதில் இருக்கிறது. அதைப் படித்த கையோடு கட்டுரைக்குப் போனால், எந்த வாக்கியத்தில் அவருக்குக் கை நழுவியது என்று தேடிக்கொண்டே படிக்கலாம். நேரம் குறைவானவர்கள் சிகாகோ சொற்பொழிவுகளை எடுக்கலாம். ஓரிரு மாலைகளில் முடித்துவிடக்கூடிய அளவுதான்.